லூசர்ன் போகிறவர்கள் கவனத்துக்கு: எங்கள் 1,86,000 ரூபாய் போன கதை

நேற்று விடியற்காலைதான் கோவை வந்து இறங்கினோம். பெட்டிகள் கூடத்தில் அப்படியே கிடக்கின்றன. துவைக்க வேண்டிய துணி மலை மாதிரி இருக்கிறது. இதை எழுதி முடித்தால்தான் எனக்கு மற்ற வேலை ஓடும். 1,86,000 ரூபாய். நாலு பேர், மூன்று இரவு. கையில் மிஞ்சியது ஒரு பிடிஎஃப்.

சுவிட்சர்லாந்திலிருக்கும் லூசர்னில் ஹோட்டல் எப்படிப் பிடிப்பது, எந்த மலைக்கு எந்த மாதம் போவது, எதற்குக் காசு கொடுக்கவே வேண்டாம் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். அதற்கு முன்னால் நடந்ததைக் கேளுங்கள்.

நான் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். ஊரார் கணக்கில் ஓட்டை கண்டுபிடிப்பதுதான் பிழைப்பு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் உங்களுக்குச் சிரிக்க வசதியாக இருக்கும்.

பையனுக்கு அரையாண்டு லீவு. அத்தைக்குப் பனியைப் பார்க்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. விமான டிக்கெட்டை நாங்களே எடுத்தோம். சுவிஸ் ரயில் பாஸை என் கணவர் நேரடியாக வாங்கினார். ஹோட்டலுக்கும் மலைப் பயணங்களுக்கும் மட்டும் ஒரு ஏஜென்டைப் பிடித்தோம். பெரிய கம்பெனி இல்லை. வாட்ஸ்அப்பிலும் ரீல்ஸிலும் வியாபாரம் செய்கிற ஒற்றை ஆள், ஊர்க்காரர். எங்கள் அபார்ட்மென்டிலேயே ஒரு குடும்பம் போன வருடம் அவர் மூலம் பாலி போய் நல்லபடியாகத் திரும்பியிருந்தது. அதுவே பெரிய சர்டிபிகேட்டாகத் தெரிந்தது.

அவர் தந்த கணக்கு இது. காலை உணவோடு ஹோட்டலில் இரண்டு அறை, மூன்று இரவு: 1,08,000. டிட்லிஸ் மலை: 32,000. பிலாட்டஸ் மலைச் சுற்றுப் பயணம்: 21,700. ரிகி மலை: 19,500. நகரப் பேருந்து பாஸ்: 4,800. கூட்டினால் 1,86,000. கூட்டல் சரியாகத்தான் இருந்தது, நான் இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன்.

ஹோட்டல் ஆற்றங்கரையில். ஜன்னலைத் திறந்தால் அந்தப் பழைய மரப்பாலமும் பக்கத்திலேயே எண்கோணத் தண்ணீர்க் கோபுரமும். 1993இல் தீப்பிடித்துப் பாதிக்கு மேல் எரிந்து, திரும்பக் கட்டிய பாலம் அது. படத்தைப் பார்த்ததுமே அத்தை, "ஜன்னல் ஓரமா எனக்கு ஒரு சேர் போட்ருங்க, நான் எங்கயும் வரல" என்று சொல்லிவிட்டார்.

இப்போது நான் ஏமாந்த இடத்துக்கு வருகிறேன். சும்மா நம்பி விடவில்லை. நவம்பர் முதல் வாரத்தில் வவுச்சர், அதாவது அறை பதிவான தாள், பிடிஎஃப்பாக வந்ததும் அந்த ஹோட்டலுக்கே நான் நேராக மெயில் போட்டேன். மறுநாளே பதில் வந்தது. என் பெயர், இரண்டு அறை, டிசம்பர் 27 முதல் 30 வரை, எல்லாம் சரி, வரவேற்கிறோம். அதைப் பிரிண்ட் எடுத்து என் கணவர் முன்னால் வைத்தேன். அவருக்கு ஆரம்பத்திலிருந்தே இந்த ஆளிடம் மனசு ஒட்டவில்லை. "இப்ப என்ன சொல்றீங்க?" என்று கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வென்றுவிட்ட மாதிரி இருந்தது.

அறை பதிவாகியிருக்கிறதா என்று கேட்டேன். பணம் கட்டியாகிவிட்டதா என்று கேட்கவில்லை. 1,86,000 ரூபாய் போன இடம் அந்த ஒரு கேள்விதான்.

விஷயம் என்னவென்றால், கடைசி நாள்வரை இலவசமாக ரத்து செய்துகொள்ளலாம், பணத்தை அங்கே போய்க் கட்டினால் போதும் என்கிற வகையில் ஏஜென்ட் அறை போட்டிருக்கிறார். சல்லிக்காசு கட்டவில்லை. அந்தத் தாளை வைத்து விசாவும் வாங்கியாகிவிட்டது. டிசம்பர் 8ஆம் தேதி பாஸ்போர்ட் கைக்கு வந்தது. அன்று மத்தியானமே போன்: "அக்கா, வாழ்த்துகள்க்கா! பேலன்ஸ் மட்டும் போட்டு விட்டுட்டீங்கன்னா டிக்கெட் எல்லாம் லாக் பண்ணிருவேன்." ஏற்கனவே 50,000, 50,000 என்று இரண்டு தவணை போயிருந்தது. 10ஆம் தேதி மிச்சம் 86,000 அனுப்பினேன். 12ஆம் தேதி அவர் அறையை ரத்து செய்திருக்கிறார். எங்களுக்குச் சத்தமே இல்லை. உறுதி மெயிலும் ரத்து மெயிலும் போவது அவருடைய முகவரிக்கு.

டிசம்பர் 27, இரவு ஒன்பதே கால். சூரிக் விமான நிலையத்திலிருந்து ஒரு மணி நேர ரயில், லூசர்ன் ஸ்டேஷனிலிருந்து பெட்டிகளை இழுத்துக்கொண்டு நடை. குளிரில் அத்தை பேசுவதையே நிறுத்திவிட்டார். ரிசப்ஷனில் இருந்த பெண் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தார், கணினியைப் பார்த்தார், மறுபடி பாஸ்போர்ட்டைப் பார்த்தார். பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பினார். என் பெயர் இருந்தது. அதன்மேல் ஒரு கோடு. பக்கத்தில் 12.12 என்று தேதி.

நான் வவுச்சர் பிடிஎஃப் பிரிண்டை நீட்டினேன். அந்தப் பெண் அதைப் படிக்கக்கூட இல்லை, தாளின் அடிப்பக்கத்தை விரலால் தொட்டுக் காட்டினார். கீழே நாலு விரல்கடை வெற்றிடம். அசல் தாளில் அங்கேதான் "கட்டணம் விடுதியில் செலுத்த வேண்டும்", "இந்தத் தேதிவரை இலவச ரத்து" என்கிற வரிகள் இருக்குமாம். ஏஜென்ட் அதை வெட்டி எடுத்திருக்கிறார். இரண்டு மாதமாக அந்தத் தாளை எத்தனை தடவை பார்த்திருப்பேன்! கீழே ஏன் இவ்வளவு காலி என்று ஒரு தடவை தோன்றவில்லை.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். அத்தையை சோபாவில் உட்கார வைத்து டீ கொடுத்தார். வருடக் கடைசி, ஊர் முழுக்க நிரம்பிக் கிடக்கிறது. ஏழெட்டு இடத்துக்குப் போன் போட்டு, பக்கத்து ஊரான எம்மன்புரூக்கேவில் ஒரே ஒரு அறை பிடித்துக் கொடுத்தார். நாலு பேருக்கும் அந்த ஒரு அறைதான். மூன்று இரவுக்கு 940 ஃபிராங்க், நம் காசுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. இது அந்த 1,86,000க்கு மேல், தனியாக.

போகும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். லூசர்ன் நகர ஹோட்டலில் தங்குகிறவர்களுக்கு விருந்தினர் அட்டை சும்மாவே தருவார்கள், தங்கும் நாட்களில் நகரப் பேருந்துக்குக் காசு கிடையாது. எங்கள் ரயில் பாஸிலும் நகரப் பேருந்து அடக்கம். அப்படியானால் அந்த 4,800 எதற்கு?

ஏஜென்டுக்கு அன்றிரவு இருபத்திரண்டு தடவை கூப்பிட்டேன். இந்தியாவில் நள்ளிரவு தாண்டிய நேரம், சரி, தூங்கியிருப்பார். காலையில் மெசேஜ்: "அக்கா டென்ஷன் ஆகாதீங்க, சுவிஸ் சைடுல சிஸ்டம் டவுன்." அப்புறம், "ஃப்ளைட்ல ஏறிட்டேன்க்கா, எறங்குனதும் கூப்பிடறேன்." எந்த ஃப்ளைட் அது, அடுத்த நாள் மாலைவரை இறங்காமல் பறந்தது? அதற்கடுத்து, நாங்கள் லேட்டாகப் போனதால் ஹோட்டல்காரர்களே அறையை விட்டுவிட்டார்களாம். 12ஆம் தேதி ரத்தானதற்கு 27ஆம் தேதி லேட்டாக வந்தது காரணம்!

எல்லாவற்றையும் மிஞ்சியது 29 இரவு வந்தது. முக்கால் மணி நேர ரயில் தூரத்தில் வேறொரு ஊரில், பங்க் கட்டில் போட்ட ஹாஸ்டலில் நாலு படுக்கைக்கு ஒரு வவுச்சர். நாங்கள்தான் ஏற்கனவே அறை எடுத்துவிட்டோமே என்றதற்கு, "நாங்க ஆல்டர்நேட் கொடுத்தாச்சு, நீங்கதான் வேண்டாம்னுட்டீங்க, அதனால பாலிசிப்படி ரீஃபண்ட் வராது" என்று டைப் செய்து அனுப்பினார். அதுவரை அக்கா, அதிலிருந்து "டியர் கஸ்டமர்".

மலைகளுக்கு வருகிறேன். பிலாட்டஸ் சுற்றுப் பயணம் என்று அவர் அனுப்பிய படத்தில் பச்சைப் புல்வெளி, சிவப்பு ரயில், நீல ஏரி. உலகிலேயே மிகச் செங்குத்தான பல்சக்கர ரயில், 48 சதவீதச் சரிவு, 1889லிருந்து ஓடுகிறது என்று ரீல்ஸ் வேறு. எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த ரயில் குளிர்காலத்தில் ஓடாது. அது கிளம்பும் ஆல்ப்னாக்ஸ்டாட் பக்கம் பனி மூடிக் கிடக்கும், மலையின் மறுபுறம் கிரீன்ஸ் பக்கத்திலிருந்து கேபிள் காரில் ஏறி அதிலேயே இறங்கலாம், அவ்வளவுதான் என்று ஸ்டேஷனிலுள்ள சுற்றுலா அலுவலகத்தில் சிரிக்காமல் சொன்னார்கள். டிசம்பரில் ஓடாத ரயிலுக்கு 21,700 ரூபாய் கட்டியிருக்கிறோம். டிட்லிஸ் டிக்கெட் வரவே இல்லை. க்யூஆர் கோடு "ஜெனரேட் ஆயிட்டிருக்கு" என்ற நிலையிலேயே மூன்று நாளும் இருந்தது. எங்கள் பாஸுக்கு அங்கே பாதிக் கட்டணம்தான், நேரில் வாங்கியிருக்கலாம். ஆனால் எம்மன்புரூக்கே அறைக்குக் கொடுத்த பிறகு பர்ஸைத் திறக்கவே பயமாக இருந்தது. மேலே ஷாருக் கான், கஜோல் கட்டவுட் பக்கத்தில் நின்று படம் எடுத்து வகுப்பில் காட்டுவதாகப் பையன் சொல்லி வைத்திருந்தான். அவனும் கேட்கவில்லை, நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ரிகிக்கு மட்டும் போனோம். ஊரில் கண் தெரியாத மூடுபனி. ஏரியில் படகேறி ஒரு மணி நேரம் போனால் விட்ஸ்னாவ், அங்கிருந்து ரயில். 1871இல் தொடங்கிய, ஐரோப்பாவின் முதல் மலை ரயில். டிக்கெட் ஜன்னலில் எங்கள் நாலு பேருக்கு எவ்வளவு என்று கேட்டேன். பாஸைப் பார்த்தார், பாஸோடு பையனுக்குத் தந்த ஃபேமிலி கார்டைப் பார்த்தார், "ஒன்றுமில்லை" என்றார். பெரியவர்கள் பாஸில் படகும் ரிகி ரயிலும் முழுசாக அடக்கம். பெற்றோர் பாஸ் வைத்திருந்தால் ஆறு வயதிலிருந்து பதினைந்துவரை பிள்ளைகளுக்கு இலவசம். 19,500 ரூபாய் வாங்கியவர் பையனுக்கு அரை டிக்கெட் என்று தனி வரியே போட்டிருந்தார்.

பாதி மலையில் ரயில் சட்டென்று பனிமூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. மேலே சுள்ளென்று வெயில். கீழே கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை மேகம், அதில் தீவு மாதிரி சிகரங்கள். அத்தை கையுறையைக் கழற்றிவிட்டுப் பனியை அள்ளினார், கொஞ்சம் வாயில் போட்டுக்கொண்டார். "கண்ணு, போனது போகட்டும் விடு" என்றார். எனக்கு ஆத்திரம் இன்னும் அதிகமாகத்தான் ஆனது.

இப்போது நிலவரம். அவர் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். கணவர் எண்ணிலிருந்து கூப்பிட்டால் "அக்கவுண்ட்ஸ்ல பேசுங்க" என்கிறார். அக்கவுண்ட்ஸ் என்று எடுத்ததும் அதே குரல், கொஞ்சம் கட்டையாக. பணத்தை நானேதான் அனுப்பினேன், அதனால் திருப்ப முடியாது என்று வங்கி கைவிரித்தது. சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குக் கூப்பிட்டுப் புகார் பதிந்திருக்கிறேன். நாளைக் காலை எல்லாப் பிரிண்டையும் எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். நுகர்வோர் ஆணையத்திலும் போடப் போகிறேன். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், ஐந்து லட்சத்துக்குள் கட்டணமும் கிடையாது.

விவரமாக எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். மணி பன்னிரண்டு ஆகிவிட்டது, கை ஓயவில்லை, ஆனால் கண் எரிகிறது. முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். அறையை உங்கள் மெயில் முகவரியில் போடச் சொல்லுங்கள். அறை இருக்கிறதா என்று கேட்காதீர்கள், பணம் வந்துவிட்டதா, யார் பெயரில் வந்தது என்று கேளுங்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் மறுபடி கேளுங்கள். குளிர்காலத்தில் எது ஓடும் எது ஓடாது என்பது அந்தந்த மலை ரயிலின் சொந்தத் தளத்திலேயே இருக்கிறது, உச்சியிலிருக்கும் கேமராவையும் காலையில் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். பாஸ் வாங்கினால் அதில் என்னென்ன அடக்கம் என்று படியுங்கள். அப்புறம், வெளிநாட்டுப் பேக்கேஜ் விற்கிறவர் உங்கள் பான் எண் கேட்க வேண்டும், டிசிஎஸ் (விற்கிறவரே நம்மிடம் வசூலித்துக் கட்டுகிற வருமான வரி) பிடிக்க வேண்டும், ஜிஎஸ்டி பில் தர வேண்டும். இவர் மூன்றும் செய்யவில்லை. "அதெல்லாம் வேண்டாம்க்கா, உங்களுக்கு மிச்சம்" என்றார். பதினோரு வருட ஆடிட்டர் ஆபீஸ் அனுபவம் "ஆமாம், மிச்சம்தானே" என்று தலையாட்டியது. சிரியுங்கள்.

இன்னும் எழுதலாம். ஆனால் இப்போதுதான் அபார்ட்மென்ட் குரூப்பில் ஒரு செய்தி பார்த்தேன். சி பிளாக் குடும்பம் ஒன்று மே மாத சுவிஸ் பயணத்துக்கு இதே ஆளிடம் 60,000 முன்பணம் கட்டியிருக்கிறதாம், வவுச்சர் வந்துவிட்டது என்று படம் போட்டிருக்கிறார்கள். பெரிதாக்கிப் பார்த்தேன். கீழே நாலு விரல்கடை காலி. மணி பன்னிரண்டரை, பரவாயில்லை, கதவைத் தட்டிவிட்டு வருகிறேன்.