ஈ-இன்வாய்ஸ்: எங்கள் பைப் கடையில் 2023 ஆகஸ்டிலிருந்து ஓட்டிப் பார்த்ததில்

திருநெல்வேலியில் பிவிசி பைப், மோட்டார், வயர் மொத்த வியாபாரம் செய்கிறோம். அம்பை, தென்காசி, சங்கரன்கோவில், வள்ளியூர் பக்கத்துச் சில்லறைக் கடைகள்தான் பெரும்பாலும் எங்கள் பார்ட்டிகள், புளியரை தாண்டிப் புனலூர், கொல்லத்துக்கும் லோடு போகும். ஈ-இன்வாய்ஸ் என்றால் ஜிஎஸ்டி பில்லை அரசு போர்ட்டலில் ஏற்றி, பதிவு நம்பர் வாங்கிக் கொடுப்பது. 2023 ஆகஸ்ட் 1-ல் இது கட்டாயமாகும் வருஷ விற்பனை வரம்பு 10 கோடியிலிருந்து 5 கோடிக்கு இறங்கியபோது நாங்களும் உள்ளே வந்தோம். இத்தனை நாள் ஓட்டியதில் எனக்குப் பட்டது இது: கிடைத்த நன்மையில் பாதிக்கு மேல், இதற்காகக் கடைப் பழக்கத்தை மாற்ற வேண்டி வந்ததே, அதில் வந்ததுதான்.

யாருக்கு இது கட்டாயம் என்பதில் இன்னும் குழப்பம் இருக்கிறது. போன வருஷ விற்பனையை மட்டும் பார்த்துவிட்டு "நமக்கு இல்லை" என்று இருக்கக் கூடாது. 2017-18 முதல் ஏதாவது ஒரு நிதியாண்டில் 5 கோடி தாண்டியிருந்தாலே போதும். அதுவும் பான் நம்பர் கணக்கு, டவுனில் ஒரு கடை, பாளையங்கோட்டையில் ஒரு கிளை என்றால் இரண்டும் சேரும், வரி இல்லாத சரக்கின் விற்பனையும் சேரும். வீடு கட்டுகிறவர் நேரில் வந்து குழாய் வாங்கிப் போனால் அதற்கு வேண்டாம், ஜிஎஸ்டி நம்பர் உள்ள பார்ட்டிக்குப் போடும் பில்லுக்குத்தான்.

வேலை என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. பில்லிங் மென்பொருளில் பில் போட்டதும் விவரம் போர்ட்டலுக்குப் போய், 64 எழுத்து ஐஆர்என்னும் (அந்தப் பதிவு நம்பர்தான்) க்யூஆர் கோடும் திரும்பி வரும், பிரிண்ட் எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான். அது இல்லாத பில் சட்டப்படி பில்லே இல்லை, வாங்குகிறவருக்கு இன்புட் கிரெடிட்டில் (வாங்கும்போது கொடுத்த வரியைத் தான் கட்டும் வரியில் கழித்துக்கொள்வது) சிக்கல் வரும். அபராதத்தை விட இதற்குத்தான் பார்ட்டிகள் பயப்படுகிறார்கள், சரியான பயம்தான்.

உண்மையான வேலை பார்ட்டி லிஸ்டைச் சுத்தம் செய்வதில் இருக்கிறது. பழைய லிஸ்டில் பாதிப் பேருக்குப் பின்கோடு இருக்காது, சிலருக்கு ஊர் பேர் மட்டும் இருக்கும். கேரள முகவரிக்குத் திருநெல்வேலிப் பக்கத்து 627-ல் தொடங்கும் பின்கோடு இருந்தால் போர்ட்டல் அப்படியே திருப்பி அனுப்பிவிடும். எச்எஸ்என் (சரக்கு வகைக்கான குறியீட்டு எண்) 6 இலக்கம் வேண்டும், பில் நம்பர் 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது (வருஷத்தை முழுசாகப் போட்டு, கடைப் பெயரும் போட்டு, ஸ்டைலாக நம்பர் வைத்திருப்பவர்கள் கவனிக்க). இதை ஒரு தடவை உட்கார்ந்து முடித்துவிட்டால் அப்புறம் நிம்மதி. இன்னொன்றும் கிடைத்தது. ஜிஎஸ்டி நம்பர் ரத்தான பார்ட்டிக்கு ஐஆர்என் விழாது, அதனால் கடனுக்குச் சரக்கு ஏற்றுவதற்கு முன்னாலேயே ஆள் நிலைமை தெரிந்துவிடுகிறது.

பழக்கம் மாறியது என்றேனே, அது இதுதான். எங்கள் பக்கம் மொத்த வியாபாரத்தில் பில் என்பது பேச்சுவார்த்தைக்கு உட்பட்டது. லோடு இறங்கி நாலு நாள் கழித்து, "அண்ணாச்சி, அந்தப் பில்லத் தம்பி கடை பேருக்கு மாத்திப் போட்டுத் தாங்க" என்று போன் வரும். முகத்துக்காகச் செய்து கொடுத்துக்கொண்டிருந்தோம், கணக்குப்பிள்ளை மாசக் கடைசியில் தலையில் கை வைப்பார். இப்போது "24 மணி நேரம் தாண்டிட்டு அண்ணாச்சி, இனி கேன்சல் பண்ண முடியாது" என்றால் பேச்சு முடிந்தது. நாமாக மறுத்தால் உறவு கெடும், சட்டம் மறுத்தால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை! ஈ-வே பில் (சரக்கு வண்டியில் போவதற்கான ஆன்லைன் சீட்டு) உயிரோடு இருந்தால் அதை முதலில் ரத்து செய்தால்தான் இன்வாய்ஸை ரத்து செய்ய முடியும், ரத்தான நம்பரைத் திரும்பப் பயன்படுத்தவும் முடியாது. அதனால் பில் போடும் பையன் இப்போது பெயர், சைஸ், எண்ணிக்கை எல்லாம் போனில் ஒருமுறை படித்துக் காட்டிவிட்டுத்தான் பொத்தானை அழுத்துகிறான். சரக்கு ரிட்டன் குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறேன்.

பணம் வருவதிலும் வித்தியாசம் தெரிகிறது. முன்பெல்லாம் கான்ட்ராக்டர்கள் "2பி-யில ஏறட்டும், அப்புறம் வரிப் பணத்தத் தாரேன்" என்று அந்த 18 சதவீதத்தை நிறுத்தி வைப்பார்கள். (2பி என்பது வாங்குகிறவருக்கு எவ்வளவு இன்புட் கிரெடிட் உண்டு என்று ஜிஎஸ்டி போர்ட்டல் காட்டும் மாசப் பட்டியல்.) இப்போது ஈ-இன்வாய்ஸ் விவரம் தானாக ஜிஎஸ்டிஆர்-1 என்ற நம் விற்பனைக் கணக்கு ரிட்டர்னில் வந்து உட்கார்ந்துவிடுகிறது, அடுத்த மாசம் 11-ம் தேதிக்குள் நாம் அதைத் தாக்கல் செய்தால் 14-ம் தேதி அவர்களுடைய 2பி-யில் தெரியும். சாக்குச் சொல்ல இடமில்லை. (வேறு சாக்குக் கண்டுபிடிப்பார்கள், அது தனிக் கதை.) கேரள லோடுக்கு ஈ-வே பில்லும் இதே விவரத்திலிருந்து வந்துவிடுவதால் வண்டி நம்பரை மட்டும் போட்டால் போதும்.

எரிச்சல் இல்லாமல் இல்லை. மாசக் கடைசியில், எல்லாரும் ஒரே நேரத்தில் பில் போடும்போது, சர்வர் இழுக்கும், வண்டி வாசலில் நிற்கும், டிரைவர் முறைப்பார். போர்ட்டலுக்குள் நேராக நுழைய 2025 முதல் ஓடிபி வேறு. அது முதலாளி போனுக்கு வந்து, முதலாளி பாபநாசத்தில் கல்யாண வீட்டில் இருந்தால் வேலை நின்றுவிடும். பில் போடுகிறவருக்குத் தனி யூசர் ஐடி எடுத்து அவர் நம்பரையே கொடுத்துவிடுங்கள்.

பெரிய தலைவலி ரேட் வித்தியாசம். பைப் விலை இறங்கும்போது ஏற்கெனவே போட்ட பில்லுக்குப் பார்ட்டி கழிவு கேட்பார். வரியோடு கிரெடிட் நோட் (போட்ட பில் தொகையைக் குறைத்துக் கொடுக்கும் சீட்டு) போட்டால் அதற்கும் ஐஆர்என் வேண்டும். வரியைத் தொடாமல் வெறும் விலைக் கழிவாகக் கொடுத்தால் வேண்டாம். எதற்கு எதைப் போடுவது என்று வருஷ ஆரம்பத்திலேயே ஆடிட்டரோடு பேசி முடிவு செய்துகொள்ளுங்கள், ஒவ்வொரு தடவையும் அவருக்குப் போன் போட்டுக்கொண்டிருக்க முடியாது.

செலவுக்குப் பயந்து தள்ளிப்போடுகிறவர்களுக்கு: நாளைக்கு நாலைந்து பில்தான் என்றால் அரசின் இலவசக் கருவியே போதும், அதற்கு மேல் என்றால் மென்பொருளோடு இணைத்துவிடுவதுதான் நல்லது, கையால் ஏற்றினால் தப்பு வரும். 10 கோடியும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 2025 ஏப்ரல் 1 முதல், பில் தேதியிலிருந்து 30 நாளுக்குள் போர்ட்டலில் ஏற்றியாக வேண்டும், தாண்டினால் போர்ட்டல் வாங்காது. எங்களுக்கு அந்தக் கெடு இன்னும் இல்லை. ஆனால் சாயங்காலம் ஷட்டர் இறக்கும்போது ஐஆர்என் விழாத பில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று இப்போதே வைத்திருக்கிறோம்.