கோர்ட் வரை போய்க் கட்டி முடித்த கடனை சிபிலில் இருந்து "அழித்துத் தருகிறேன்" என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்

தஞ்சாவூர், பட்டுக்கோட்டை, மன்னார்குடி பக்கம் பஸ் ஸ்டாண்டுச் சுவர்களிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் "சிபில் பிரச்சினையா? ஒரே மாதத்தில் 750" என்று ஒரு நோட்டீஸ் சுற்றுகிறது. (சிபில் என்பது நாம் கடனை ஒழுங்காகக் கட்டினோமா என்று பதிந்து மதிப்பெண் போடும் நிறுவனம், 750 என்பது அந்த மதிப்பெண்.) அந்த நோட்டீஸ் போட்ட ஆளிடம் 8,500 ரூபாய் கொடுத்திருக்கிறேன். பணம் போனதைவிட, அவர் செய்துவைத்த வேலையால் என் மகளின் கல்விக் கடன் தள்ளிப்போனதுதான் வயிற்றெரிச்சல். கஜா புயலுக்குப் பிறகு கடனில் மாட்டி, கேஸ் வந்து, எப்படியோ கட்டி முடித்தவர்கள் எங்கள் பகுதியில் நிறைய. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2018 நவம்பரில் எங்கள் தென்னந்தோப்பு ஒரே ராத்திரியில் படுத்துவிட்டது. அந்த வருமானத்தை வைத்து வாங்கிய டிராக்டர் கடனுக்குத் தவணை நின்றது. வங்கி கேஸ் போட்டு டிகிரி, அதாவது பணத்தைக் கட்டச் சொல்லும் கோர்ட் தீர்ப்பாணை, வாங்கியது. நிலத்தில் ஒரு பகுதியை விற்று டிகிரி தொகை, வட்டி, கோர்ட்டுச் செலவு எல்லாவற்றையும் வங்கியிலேயே கட்டினேன். எங்கள் வக்கீல், ரசீது மட்டும் போதாது, முழுப் பணமும் வந்துவிட்டது என்று வங்கியே கோர்ட்டில் மெமோ கொடுக்க வேண்டும் என்று விடாப்பிடியாக நின்று பதிய வைத்தார். இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 21, விதி 2-இன்படி, வெளியே கட்டிய பணம் கோர்ட்டில் பதிவாகாவிட்டால், பின்னால் தீர்ப்புப்படி பணத்தை வசூலிக்க வங்கி நிறைவேற்று மனு போடும்போது அந்தப் பணத்தை கோர்ட் கணக்கில் எடுக்காது. வங்கி பதியாவிட்டால் கடன் வாங்கியவரே மனு போடலாம். அதற்குக் கெடு 30 நாள்தான்.

அப்புறம் மகளுக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்து கல்விக் கடனுக்குப் போனால், என் சிபில் அறிக்கையில் பழைய பாக்கி அப்படியே நிற்கிறது, பக்கத்தில் வழக்கு தொடரப்பட்டது என்ற குறிப்பு வேறு. கடன் கொடுத்த கிளையில் கேட்டால் "அது ஹெட் ஆபீஸ் வேலை" என்று கைவிரித்துவிட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் இந்த நோட்டீஸ் ஆள். மாடியில் ஒரு அறை, ஒரு லேப்டாப். "கவலைப்படாதீங்கண்ணே, மேலிடத்துல நம்ம ஆள் இருக்கு, கோர்ட் மேட்டரையே தூக்கிடலாம்" என்றார். ஆதார், பான் எல்லாம் வாங்கிக்கொண்டு, என் போனுக்கு வந்த ஓடிபியை வைத்து சிபில் தளத்தில் என் பெயரில் கணக்கு திறந்தார். அதில் போட்ட மின்னஞ்சல் அவருடையது! வந்த பதில் எதுவும் என் கைக்கு வரவில்லை. வற்புறுத்திக் கேட்ட பிறகு ஒரு பிரிண்ட் கொடுத்தார். பார்த்தால், "இந்தக் கடன் என்னுடையது அல்ல" என்று புகார் பதிந்திருக்கிறார். நான் கையெழுத்துப் போட்டு வாங்கி, கோர்ட்டு வரை போய் அடைத்த கடன் அது. வங்கி, இது இவருடைய கடன்தான் என்று பதில் சொல்ல, புகார் அதோடு முடிந்தது. கிளை மேலாளர் என்னைப் பொய்க்காரனாகப் பார்த்தார். அதற்கும் மேல் "ஸ்பெஷல் கேஸ், இன்னும் 15,000 ஆகும்" என்றார் அந்த ஆள். தர முடியாது என்றதும் போனை எடுப்பதே இல்லை. முதல் வருடக் கட்டணத்தை நகையை அடகு வைத்துத்தான் கட்டினோம்.

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய, கடன் விவரம் பதியும் நான்கு நிறுவனங்களும் தாங்களாக எதையும் மாற்றுவதில்லை. கடன் கொடுத்த வங்கி சரி என்று சொன்னால்தான் திருத்துவார்கள். ஏஜெண்டுக்கென்று தனி வழி கிடையாது. வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசம், திருத்தம் கேட்பதும் இலவசம்.

கடைசியில் வேலை நடந்தது ஒரு கடிதத்தால்தான். நிலுவை இல்லை என்ற சான்று, கோர்ட்டில் வாங்கிய சான்றிட்ட நகல், பணம் கட்டிய ரசீது மூன்றையும் இணைத்து, பாக்கி பூஜ்யம், கணக்கு முடிந்தது, வழக்குக் குறிப்பைத் திருத்த வேண்டும் என்று எழுதி வங்கியில் கொடுத்து முத்திரை வாங்கினேன். முழுதாகக் கட்டியவர்கள் "செட்டில்டு" என்று போட விடாதீர்கள். அது குறைத்துக் கட்டியவர்களுக்கானது. புகாரை 30 நாளில் தீர்க்காவிட்டால் அதற்குப் பிறகு நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி விதி 2024 ஏப்ரலில் இருந்து நடப்பில் இருக்கிறது. அதையும் கடிதத்தில் எழுதினேன். அதற்கும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம், செலவில்லை. விவரம் கேட்க எண் 14448. எனக்கு அந்த அளவுக்குப் போகவில்லை, பாக்கி பூஜ்யமாகிவிட்டது. தவணை தவறிய பழைய மாதங்கள் கொஞ்ச காலம் அறிக்கையில் இருக்கத்தான் செய்யும். உண்மையான பதிவை யாராலும் அழிக்க முடியாது.

அந்த ஆள் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடப் போகிறேன். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போட வேண்டும். அவரிடம் பணம் கொடுத்த வேறு யாராவது இருந்தால், ஜிபே ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் வைத்திருங்கள்.