மன்னார்குடியில் தானே விழித்துக்கொண்ட கணினி

டொரோண்டோவிலிருந்து மூன்று வார விடுப்பில் மன்னார்குடி போயிருந்தேன். மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்குக் கூடத்தில் ஏதோ இரைந்தது. எழுந்து பார்த்தால் அப்பாவின் பழைய டெஸ்க்டாப் கணினி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. சற்று முன்புதான் கரண்ட் போய் வந்திருந்தது. "ஆறு மாதமாக இப்படித்தான், பேசாமல் படு" என்றார் அம்மா.

காலையில் வெறுங்காலோடு நின்று பெட்டியின் பின்பக்கத் தகரத்தைத் தொட்டேன். விரல் நுனியில் சுருசுருவென்றது. அப்பா செருப்புப் போட்டுக்கொண்டுதான் கணினி முன் உட்காருவாராம். கோளாறோடு குடித்தனம் நடத்துவதில் எங்கள் வீட்டாரை மிஞ்ச ஆளில்லை.

கடைத்தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் மூடியைத் திறக்கவே இல்லை. "மதர்போர்டு போய்விட்டது சார், 5,500 ரூபாய் ஆகும்." எப்படித் தெரியும் என்றேன். "பழைய பெட்டி ஆயிற்றே!" வந்த ஆட்டோவிலேயே திரும்பினேன்.

வீட்டில் இணைத்துப் பார்த்தபோது திரையில் தேதி 2009 ஜனவரி 1. வங்கியின் தளம் திறக்காததற்கும் அதுவே காரணம். அப்பாவோ இணைய இணைப்பைத் திட்டிக்கொண்டிருந்தார். மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு 3 வோல்ட் செல் ஒன்று இருக்கும், சிஆர்2032. அது தீர்ந்துவிட்டால், கரண்ட் போகும்போதெல்லாம் தேதியோடு, கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் (BIOS) மென்பொருளின் அமைப்புகளும் அழிந்துவிடும். இந்தப் போர்டு அப்படி அழிந்து தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பினால், கரண்ட் வந்ததும் தானே இயங்கும்படி அமைந்திருந்தது. கைக்கடிகாரக் கடையில் 50 ரூபாய்க்குச் செல் வாங்கிப் போட்டு, பயாஸில் அந்த அமைப்பை மாற்றினேன். அன்றிரவும் கரண்ட் போய் வந்தது. பெட்டி மூச்சு விடவில்லை.

சுருசுருப்பு மட்டும் போகவில்லை. பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியன் வந்தார், அறுபது வயதிருக்கும். ஹோல்டரில் ஒரு குண்டு பல்பு, அதிலிருந்து இரண்டு ஒயர்: அவ்வளவுதான் அவர் கருவி. பிளக் பாயிண்டில், மின்சாரம் வரும் ஃபேஸுக்கும் அது திரும்பும் நியூட்ரலுக்கும் நடுவில் வைத்தார், பளிச்சென்று எரிந்தது. ஃபேஸுக்கும் மூன்றாவது ஓட்டையான எர்த்துக்கும் வைத்தார், இழைகூடச் சிவக்கவில்லை.

"மூன்றாவது ஓட்டை வெறும் அலங்காரம், தம்பி."

கணினியின் பவர் சப்ளையில் உள்ள வடிகட்டி, கொஞ்சம் மின்சாரத்தைத் தகரத்துக்குக் கசியவிடும். எர்த் இருந்தால் அது மண்ணுக்குள் போய்விடும்; இல்லாவிட்டால் 230 வோல்ட்டில் பாதியளவு தகரத்திலேயே நிற்கும். மின்னோட்டம் மிகச் சிறிது என்பதால் வெறும் சுருசுருப்போடு போகும். ஆனால் அதே வீட்டில் கிரைண்டரும் ஹீட்டரும் எர்த் இல்லாமல்தான் இத்தனை நாள் ஓடியிருக்கின்றன. எனக்கு அப்போதுதான் வயிற்றைக் கலக்கியது.

கொல்லையில் செம்பருத்திக்கு அடியில் எர்த் குழாய். கம்பி இருந்தது, அதைப் பிடித்திருந்த போல்ட் துருவேறி உதிர்ந்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது போல்ட் முடுக்கி, குழியில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றச் சொன்னார். மறுபடி வைத்ததும் பல்பு எரிந்தது. கூலி 350 ரூபாய்.

மறுநாள் கரண்ட் வந்ததும் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக் கறுத்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இனிமேல் நானேதான் பட்டனை அமுக்க வேண்டுமா?" என்றார். காலில் செருப்பு அப்படியே இருந்தது.