லேசரை மாற்றியதும் எண்களும் மாறின: ஒளிர் படிகக் கண்டுணர்வியுடன் என் நெடுநாள் அனுபவம்

ஒவ்வோர் ஆழத்தையும் தனித்தனியாகப் படமெடுக்கும் எங்கள் கன்ஃபோகல் நுண்ணோக்கியின் சிவப்பு லேசர் பழுதாகிப் புதியது பொருத்தப்பட்டிருக்கிறது. அதே சமயத்தில் இன்னோர் ஆய்வகத்து நண்பர் கேட்கிறார்: "சிஆர்-39 பிளாஸ்டிக்கை விட்டுவிட்டு நாங்களும் ஒளிர் படிகத்துக்கு மாறலாமா?" இரண்டுமே கதிர்வீச்சுத் துகள்கள் கடந்துபோன தடத்தைப் பதிவு செய்பவை. நான் எரிச்சலில் இருக்கும் நேரம் இது. ஆகவே நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கார்பனும் மக்னீசியமும் சேர்த்து வளர்த்த அலுமினியம் ஆக்சைடு படிகம், அரை மில்லிமீட்டர் தடிமனில் ஒரு சிறு சில்லு. இதை இத்தனை காலம் பயன்படுத்திய பின்னும் எனக்கு அலுக்கவில்லை. சிஆர்-39இல் தடத்தைப் பார்க்க வேண்டுமானால் 70 டிகிரி அளவில் சூடான சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் பல மணி நேரம் அரிக்கவிட வேண்டும். நேரம் கூடினால் குழிகள் விரிந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும். கரைந்துபோன பரப்பு திரும்பி வராது. படிகத்தில் இந்த வேலையே கிடையாது. துகள் கடந்த வழியில் விடுபட்ட எலக்ட்ரான்களைப் படிகத்தின் நிற மையங்கள், அதாவது அதன் அமைப்பில் உள்ள நுண்ணிய குறைபாடுகள், பிடித்து வைத்துக்கொள்கின்றன. அப்படி மாறிய மையங்கள் மீது சிவப்பு லேசர் பட்டால் 750 நானோமீட்டர் அருகே ஒளிர்கின்றன. கதிர்வீச்சில் வைத்து எடுத்த படிகத்தை நேராக நுண்ணோக்கியின் கீழ் கொண்டுபோகலாம். பார்ப்பதால் தடம் அழிவதில்லை. அறை வெப்பத்தில் மங்குவதும் இல்லை. அழிக்க வேண்டுமென்றால் 600 டிகிரிக்கு மேல் சுட வேண்டும்.

ஆழத்தில் அடுக்கடுக்காகப் படமெடுத்துச் சேர்த்தால் தடம் எந்தக் கோணத்தில் இறங்கியது என்பது முப்பரிமாணத்தில் தெரியும். கனமான அயனியின் தடத்திலிருந்து தெறித்து விலகும் எலக்ட்ரான்கூடத் தனியாகத் தெரியும். ஹைடல்பர்க் ஆய்வாளர்கள் இந்தப் படிகத்தின் மேலேயே உயிருள்ள செல்களை வளர்த்து, எந்த அயனி எந்தச் செல்லின் எந்த இடத்தைத் தாக்கியது என்று பொருத்திக் காட்டினார்கள். அந்த வேலையை நினைத்தால் இன்றும் எனக்கு மகிழ்ச்சிதான்.

இனி என் குறை. தடத்தின் இடமும் கோணமும் படிகம் தரும் செய்திகள். ஆனால் துகள் ஒவ்வொரு மைக்ரோமீட்டரிலும் எவ்வளவு ஆற்றலை இழந்தது என்பதைத் தடத்தின் பிரகாசத்திலிருந்துதான் கணிக்கிறோம், அந்தப் பிரகாசத்தில் பாதி நுண்ணோக்கியுடையது. லேசரின் திறன், லென்ஸ், ஒளியுணரியின் பெருக்கம், லேசர் கதிர் ஒரு புள்ளியில் நிற்கும் நேரம், இவற்றில் எது மாறினாலும் எண் மாறும். தராசை மாற்றியதும் அதே அரிசி வேறு எடை காட்டுவது போன்ற அவஸ்தை இது. ஒரே பெருக்கல் எண்ணால் சரிசெய்துவிடலாம் என்று பழுது பார்க்க வந்தவர் சொன்னார். முடியாது. இந்த மையங்கள் ஒளிர்ந்து அடங்க 75 நானோவினாடி ஆகிறது, சாதாரண ஒளிர் சாயங்களைவிடப் பல மடங்கு அதிகம். லேசரின் திறனைக் கூட்டக் கூட்ட ஒளிர்வு அதே விகிதத்தில் ஏறாமல் தேங்கிவிடும். எனவே பிரகாசத்தை ஆற்றல் இழப்பாக மாற்றித் தரும் அளவீட்டு வளைவு முழுவதையும் திரும்ப எடுக்க வேண்டும்.

அதற்கு மேல் ஆழத்தின் தொல்லை. எண்ணெய் லென்ஸுக்கான எண்ணெயின் ஒளிவிலகல் எண் 1.52 அளவு, படிகத்தினுடையது 1.76 அளவு. உள்ளே போகப் போகக் குவியம் சிதைந்து தடம் மங்கும். நுண்ணோக்கியின் மேடை காட்டும் ஆழமும் உண்மை ஆழமும் ஒன்றல்ல. போதாததற்குப் படிகங்களும் உடன்பிறப்புகள் போலவே இருந்தாலும் ஒன்றுக்கொன்று உணர்திறனில் வேறுபடுகின்றன. ஒரு படிகத்தில் எடுத்த வளைவை இன்னொன்றில் கண்ணை மூடிக்கொண்டு போட முடியாது.

நியாயமாகச் சொன்னால், லேசர் மாறியதற்குப் படிகம் என்ன செய்யும்? என்னைக் காப்பாற்றியதும் அதுவே. தெரிந்த ஆற்றலுள்ள அயனிகளில் முன்பு வைத்து எடுத்த படிகங்களை நான் பத்திரப்படுத்தியிருந்தேன். அவற்றைப் புதிய லேசரில் மறுபடி படித்து, பழைய வளைவிலிருந்து புதியதற்குப் பாலம் போட்டுக்கொண்டிருக்கிறேன். அரித்துத் தீர்த்த பிளாஸ்டிக்கில் இப்படித் திரும்பிப் போக வழியே இல்லை. ஆனாலும் மாதக்கணக்கில் பொறுமையாகச் சேர்த்த எண்கள் ஒரு சேவைப் பொறியாளரின் கையில் இடம்பெயர்வதைப் பார்க்கும்போது நியாயம் பேசும் மனம் வருவதில்லை.

நண்பருக்கு என் பதில்: நியூட்ரான் டோஸ் பார்ப்பதுதான் உங்கள் வேலை என்றால், வாங்க வேண்டாம். பாலிஎத்திலீன் வைத்து, நியூட்ரான் மோதி அதிலிருந்து கிளம்பும் புரோட்டான்களின் தடங்களை எண்ணுவது சிஆர்-39இலும் நன்றாக நடக்கிறது, எண்ணிக்கைக்குப் பிரகாசம் அவ்வளவு முக்கியமும் இல்லை. பொதுப் பயன்பாட்டு நுண்ணோக்கியை முன்பதிவு செய்து பகிர்ந்துகொள்ளும் நிலையில் இருந்தாலும் வேண்டாம், அடுத்தவர் அமைப்பை மாற்றிவிட்டுப் போவார், நீங்கள் என்னைப்போலப் பொருமுவீர்கள். ஒவ்வொரு தடத்தின் ஆற்றல் இழப்பும் உங்களுக்குத் தேவை, நுண்ணோக்கியும் உங்கள் பொறுப்பில் இருக்கிறது என்றால் மட்டும் வாருங்கள். அப்படி வந்தால், முதல் அளவீட்டுக்கு முன்பே சில படிகங்களைத் தெரிந்த அயனிகளில் வைத்து எடுத்து, லேசரின் திறனைக் குறித்துக்கொண்டு, தனிப்பெட்டியில் பூட்டி வையுங்கள். அடுத்த பழுதுக்கு அவை தேவைப்படும்.