ஓசூர் ஆலையில் மூன்று ஆண்டுகள்: வேலைக்குச் சேரவிருப்போருக்கு

பாலக்கோடு, இராயக்கோட்டைப் பக்கத்திலிருந்து பிளஸ் டூ முடித்த கையோடு ஓசூர் சிப்காட்டுக்கு வேலை தேடிச் செல்லும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது, நான் மூன்று ஆண்டுகள் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்த அந்தப் பெரிய வாகன உதிரிபாக ஆலை எப்படி என்பதுதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சம்பளம் ஒரு மாதமும் தேதி தவறியதில்லை. கம்பெனி பேருந்து விடியற்காலை நான்கரை மணிக்கே எங்கள் ஊர் முனையில் வந்து நிற்கும். கேன்டீனில் புதன்கிழமைதோறும் களியும் கீரைக் குழம்பும் போடுவார்கள். வீட்டுச் சாப்பாட்டுக்கு ஏங்கும் பிள்ளைகளுக்கு அது சிறிய விஷயம் அல்ல. கையுறை, கண்ணாடி இல்லாமல் யாரையும் இயந்திரத்தின் அருகே விடமாட்டார்கள்.

ஆனால் லைனில் நிற்கும் மனிதரை அந்த நிறுவனம் நடத்திய விதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. கழிப்பறைக்குச் செல்ல வேண்டுமானால் தலைக்கு மேலுள்ள மஞ்சள் விளக்கைப் போட்டுவிட்டு, மாற்று ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும். முப்பது பேருக்கு ஒரே மாற்று ஆள். மாதவிலக்கு நாளில் என் பக்கத்தில் நின்ற பெண், விளக்கைப் போட்டு நாற்பது நிமிடம் ஆகியும் யாரும் வராததால், கண்ணீரை முழங்கையால் துடைத்துக்கொண்டே திருகாணிகளைப் பூட்டிக்கொண்டிருந்தாள். சூப்பர்வைசர் அவளிடம், "ஆள் வரட்டும்மா, டார்கெட் போயிடும்" என்றார். அவரும் மேலிருந்து வரும் நெருக்கடிக்கு ஆளானவர்தான். முப்பது பேருக்கு ஒருவர் போதும் என்று கணக்குப் போட்டவர்களின் மீதுதான் என் கோபம்.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. 24 மாத காலத்துக்குள் 480 நாட்கள் தொடர்ந்து பணிபுரிந்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. எங்களுக்கோ அந்த எண்ணிக்கை நெருங்கும்போதெல்லாம் "பிரேக்" கொடுத்துவிட்டு, சில வாரங்கள் கழித்து வேறோர் ஒப்பந்ததாரரின் பெயரில் புதிய அடையாள அட்டை தருவார்கள். மூன்று ஆண்டுகளில் எனக்கு மூன்று அட்டைகள் வந்தன. நின்ற இடமும் ஓட்டிய இயந்திரமும் ஒன்றேதான். புதிதாக வரும் நிரந்தரப் பணியாளர்களுக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுத்ததும் நாங்கள்தான். அவர்கள் சம்பளத்தில் பாதிகூட எங்களுக்கு இல்லை.

தொழில் பழகவும், வீட்டுக் கடனை அடைக்கவும் ஓராண்டு போவதென்றால் தாராளமாகப் போகலாம். நிரந்தரம் ஆகும் என்று நம்பி, வேறு வாய்ப்பை விட்டுவிட்டுப் போகாதீர்கள். சேரும் நாளிலிருந்தே வேலைக்குச் சென்ற தேதிகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். வாரத்தில் 48 மணி நேரத்தைத் தாண்டிய வேலைக்கு இரட்டிப்புக் கூலி வந்திருக்கிறதா என்று அந்தச் சீட்டிலேயே பாருங்கள். ஒப்பந்ததாரர் மாறும்போது பழைய வருங்கால வைப்பு நிதி எண்ணையே கொடுங்கள். நான் அந்த நோட்டை இரண்டாவது அட்டை கைக்கு வந்த பிறகுதான் எழுதத் தொடங்கினேன். அதற்கு முந்தைய நாட்களுக்கு என்னிடம் எந்தச் சான்றும் இல்லை.