ஒருவருக்கான கறி: 2 லிட்டர் குக்கரோடும் இரும்புச் சட்டியோடும் 6 ஆண்டுகள்

2019 ஜூனில் வேலை மாற்றலாகி ஈரோட்டுக்கு வந்தேன். அதுவரை விருதுநகரில் அம்மாவின் சமையல். இங்கே ஓர் அறையும் சின்ன அடுப்படியும் கொண்ட மாடி வீடு. வந்த மாதமே இரண்டு பாத்திரங்கள் வாங்கினேன்: 2 லிட்டர் பிரஷர் குக்கர் ஒன்று, 8 அங்குல வார்ப்பிரும்புச் சட்டி ஒன்று. இரண்டும் இன்றும் என் அடுப்படியில் இருக்கின்றன. வாரத்தில் மூன்று இரவுகள், சில வாரங்களில் நான்கு இரவுகள், இவற்றில் கறி வேகிறது. வேலை முடிந்து ஏழரைக்கு வீட்டுக்குள் நுழைந்தால் எட்டேகாலுக்குத் தட்டில் சோறும் கறியும் இருக்கும்.

தனியாக இருப்பவர்கள் கறிச் சாப்பாட்டை ஓட்டலுக்கும் ஊருக்குப் போகும் நாளுக்கும் ஒதுக்கிவைத்துவிட்டு, மற்ற நாளெல்லாம் தயிர்ச்சோற்றிலும் முட்டைப் பொரியலிலும் காலம் தள்ளுவதைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. என்னோடு வேலை செய்கிறவர்களில் நான்கைந்து பேர் அப்படித்தான் இருக்கிறார்கள். அவர்களிடம் வாய்மொழியாகச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதல் ஆறு மாதம் எதுவும் சரியாக வரவில்லை. அம்மா வைக்கும் கறிக்குழம்பை நாலில் ஒரு பங்காகக் குறைத்து வைத்துப் பார்த்தேன். மிக்சி ஜாரில் ஐந்து சின்ன வெங்காயமும் ஒரு கரண்டி மல்லியும் கொஞ்சம் தேங்காயும் போட்டால் பிளேடு அவற்றைத் தொடுவதே இல்லை. எல்லாம் சுவரில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் ஊற்றினால் அரைபடும். ஆனால் மசாலா நீர்த்துப்போகும். அரைத்ததில் கால்வாசி ஜாரிலேயே தங்கிவிடும். கொதிக்கவிட்டால் அடுத்த சிக்கல். ஒரு கிலோ கறிக்கான குழம்பு அரை மணி நேரம் கொதித்தாலும் குழம்பாகவே இருக்கும். 200 கிராம் கறிக்கான குழம்பு அதே அடுப்பில் பத்து நிமிடத்தில் சுண்டிவிடும். கறி வெந்திருக்காது, மசாலாவின் பச்சை வாசனையும் போயிருக்காது. அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். "நாலு பேருக்கு வைத்தால்தான் குழம்பு குழம்பாக இருக்கும்டா" என்றார். சமாதானத்துக்குச் சொல்கிறார் என்று அப்போது நினைத்தேன். அளவு குறைந்தால் ஆவியாகும் வேகம் அதே அளவில் குறைவதில்லை என்பதைத்தான் அவர் தம் வழியில் சொன்னார் என்று பிறகு புரிந்தது.

வழி காட்டியவர் கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்கார அம்மா. ஒரு நாள் படியேறி வந்தவர், நான் மிக்சி ஜாரை விரலால் வழித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார். "எதற்குங்க தம்பி அரைக்க வேண்டும்? பள்ளிபாளையத்துக் கறிக்கு அம்மியும் வேண்டாம், மிக்சியும் வேண்டாம்" என்றார். ஈரோட்டிலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்தால் பள்ளிபாளையம். மாவட்டம் நாமக்கல் என்றாலும் ஒரே ஊர்போலத்தான். அந்த ஊர்ப் பெயரில் வழங்கும் கோழி வறுவலை அன்று மாலையே அவர் என் சட்டியில் செய்து காட்டினார்.

நல்லெண்ணெய் மூன்று கரண்டி காய்ந்ததும் கடுகு, கறிவேப்பிலை. விதையை உதிர்த்துவிட்டுக் கிள்ளிப்போட்ட வரமிளகாய் ஆறு. விதையை நீக்குவது முக்கியம். நீக்கினால் காரம் மட்டுப்பட்டு மிளகாயின் மணம் மிஞ்சும். பிறகு நறுக்கிய சின்ன வெங்காயம் பதினைந்து, இடித்த இஞ்சி பூண்டு கொஞ்சம். வெங்காயம் பொன்னிறத்தை நெருங்கும்போது, நெல்லிக்காயைவிடச் சிறியதாக வெட்டிய கோழிக்கறி 200 கிராம், மஞ்சள், உப்பு. இவ்வளவுதான். தக்காளி கிடையாது, மல்லித்தூள் கிடையாது, கரம் மசாலா கிடையாது. கறி தன் தண்ணீரிலேயே வேகத் தொடங்கும். காய்ந்தால் கையால் தெளித்து மூட வேண்டும். கடைசியில் பல்லுப்பல்லாகக் கீறிய தேங்காய். மொத்தம் 25 நிமிடம். ஈரோட்டு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் நான் இங்கே வந்த அதே 2019இல்தான். அந்த மஞ்சளின் மணத்தை வேறெந்த மசாலாவும் மறைக்காத சமையல் இது என்பது எனக்குத் தனி மகிழ்ச்சி.

அன்று இரவு ஒன்று விளங்கியது. பெரிய சமையலைச் சுருக்க முயன்றதுதான் என் தவறு. பிறவியிலேயே சின்னதாக இருக்கும் சமையல்கள் நம்மிடம் ஏராளம். அரைக்காமல், குழம்பாக்காமல், கறியும் எண்ணெயும் மிளகாயும் வெங்காயமும் நேருக்கு நேர் சேரும் வறுவல்கள் அவை. கொங்கு நாட்டுப் பள்ளிபாளையம், செட்டிநாட்டுப் பக்கத்து உப்புக்கறி, ஈரல் மிளகு வறுவல், கொத்துக்கறி. இவை 200 கிராமுக்கு மேல் போனால்தான் கெடும். சட்டி நிறைந்தால் கறி வறுபடாமல் அவிந்துவிடும். ஒற்றை ஆள் என்பது இங்கே வசதியாகிவிடுகிறது.

இனி பாத்திரங்கள். முதலில் குக்கர்.

2 லிட்டர் குக்கரில் நான் கற்ற பெரிய பாடம், விசில் கணக்கை நம்பக் கூடாது என்பது. வீட்டில் ஆட்டுக்கறிக்கு ஐந்து விசில் என்று பழகியிருந்தேன். அது 5 லிட்டர் குக்கரின் கணக்கு. சின்ன குக்கர் சீக்கிரம் சூடேறும், விசில்கள் அடுத்தடுத்து வந்துவிடும். முதல் தடவை ஆறே நிமிடத்தில் ஐந்து விசில் அடித்து முடித்தது. திறந்தால் கறி ரப்பர்போல இருந்தது. கறியை மென்மையாக்குவது சத்தமில்லை, நேரம். குக்கருக்குள் தண்ணீர் 120 டிகிரி செல்சியஸ் வரை சூடேறுகிறது. அந்தச் சூட்டில் எலும்பையும் தசையையும் பிணைத்திருக்கும் கொலாஜன் கரைய சில நிமிடங்கள் வேண்டும். இப்போது முதல் விசில் வந்ததும் அடுப்பைக் குறைத்துவிட்டுக் கடிகாரம் பார்க்கிறேன். இளசான வெள்ளாட்டுக்கறிக்கு 15 நிமிடம், முற்றலாகத் தெரிந்தால் 20. அணைத்தபின் ஆவி தானாக அடங்கட்டும். அந்தப் பத்து நிமிடமும் கறி வெந்துகொண்டுதான் இருக்கிறது.

இரண்டாவது பாடம் பயந்து கற்றது. கறி கொஞ்சம்தானே என்று தண்ணீரையும் அரை டம்ளராகக் குறைத்தேன். பாதியில் தண்ணீர் வற்றி, அடி கருகி, சேஃப்டி வால்வு உருகிப் பெரும் சீறலோடு ஆவி வெளியேறியது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை, குக்கருக்கும் ஆகவில்லை. அந்த வால்வு அதற்காகவே இருக்கிறது, தன் வேலையைச் சரியாகச் செய்தது. அதற்குப் பிறகு கறி எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஒரு முழு டம்ளர் தண்ணீர், ஏறத்தாழ 200 மில்லி, ஊற்றாமல் மூடுவதில்லை. ஆட்டுக்கொழுப்பு ஆவி போகும் குழாயில் படிந்து அடைக்கும் என்பதால், ஒவ்வொரு முறையும் மூடியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து அந்தத் துளை வழியே பார்த்துவிடுகிறேன். வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஊசியால் குத்திக் கழுவ வேண்டும். கேஸ்கட்டை இதுவரை மூன்று முறை மாற்றியிருக்கிறேன். தளர்ந்த கேஸ்கட்டை ஃப்ரீஸரில் வைத்து இறுக்கி ஓட்டுகிறவர்கள் உண்டு. அது ஒரு நாள் சமாளிப்பு மட்டுமே. வாங்கும்போது மூடியில் ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 2347 என்ற எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

இந்தக் குக்கரில் எனக்கு மிகப் பிடித்த ஏற்பாடு, ஒரே வேக்காட்டில் இரண்டு இரவுச் சாப்பாடு. எலும்போடு 300 கிராம் ஆட்டுக்கறி, நசுக்கிய பூண்டு, சின்ன வெங்காயம், மஞ்சள், உப்பு, ஒன்றரை டம்ளர் தண்ணீர். வெந்ததும் தண்ணீரை வடித்து, இடித்த மிளகும் சீரகமும் தூவி, எலும்புத் துண்டுகளோடு அன்றைக்கே எலும்பு ரசமாகக் குடித்துவிடுவேன். சூடான சோற்றில் ஊற்றிப் பிசைந்தால் வேறு எதுவும் தேவைப்படாது. சதைத் துண்டுகளை ஆறியதும் மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். மறுநாள் இரவு வரமிளகாயும் வெங்காயமும் பூண்டும் வதக்கி, அந்தத் துண்டுகளை இரும்புச் சட்டியில் புரட்டினால் உப்புக்கறி. பன்னிரண்டு நிமிட வேலை. இரண்டு தோசை ஊற்றிக்கொண்டால் இரவு நிறைந்துவிடும். ஏற்கெனவே வெந்த கறி என்பதால் வெளிப்பக்கம் நன்றாக முறுகும், உள்ளே பஞ்சாக இருக்கும். நேரடியாகச் செய்யும் உப்புக்கறியைவிட எனக்கு இந்த மறுநாள் கறியே பிடித்திருக்கிறது.

இரும்புச் சட்டியைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குப் போதாது. முன்பு ஒட்டாத பூச்சுள்ள தவா ஒன்று வைத்திருந்தேன்; ஒன்றரை ஆண்டுக்குள் பூச்சு உரிந்துபோனது. இரும்புச் சட்டி ஆண்டுக்கு ஆண்டு மெருகேறுகிறது. வாங்கியதும் மூன்று நாள் சோறு வடித்த கஞ்சியை ஊற்றி ஊறவைத்து, தினமும் கஞ்சியை மாற்றினேன். பிறகு எண்ணெய் தடவிப் புகையக் காய்ச்சி ஆறவைப்பதை நாலைந்து முறை செய்தேன். எண்ணெய் சூட்டில் இறுகிப் படலமாகிறது. அந்தப் படலம்தான் ஒட்டாமல் காக்கிறது. தக்காளியும் புளியும் அதை அரித்துவிடும். என் சட்டியில் இரண்டும் நுழைவதில்லை. கழுவியதும் அடுப்பில் வைத்து ஈரத்தைக் காயவிட்டு ஒரு துளி எண்ணெய் தடவ வேண்டும். ஒரு தீபாவளிக்கு ஈரத்தோடு வைத்துவிட்டு ஊருக்குப் போனேன். திரும்பி வந்தபோது சட்டி முழுக்கச் செந்துரு. தேய்த்துவிட்டு மறுபடி கஞ்சியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

கறிக்கு இந்தச் சட்டி ஏன் பொருந்துகிறது என்றால், அது சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. கறியின் மேற்பரப்பு 140 டிகிரியைத் தாண்டும்போதுதான் நிறமும் வறுபட்ட மணமும் நன்றாக வருகின்றன. ஈரம் இருந்தால் சூடு 100 டிகிரியிலேயே நின்றுவிடும், கறி வேகுமே தவிர வறுபடாது. ஆகவே கழுவிய கறியைச் சல்லடையில் வடித்து, சுத்தமான துணியால் ஒற்றிவிட்டுப் போடுகிறேன். ஈரல் வறுவலில் இந்த ஒன்றை மட்டும் செய்தாலே வித்தியாசம் தெரியும். 150 கிராம் ஆட்டு ஈரல், ஐந்து நிமிடம், நிறைய மிளகு, உப்பு கடைசியில். ஏழாவது நிமிடத்தில் ஈரல் கல்லாகத் தொடங்கிவிடும். பக்கத்தில் நிற்க வேண்டும், கைபேசியை எடுக்கக் கூடாது.

கொத்துக்கறி அவசர நாளுக்கு. வாங்கிய அன்றே சமைத்துவிட வேண்டும், வைத்திருக்கக் கூடாது. வெங்காயம், பச்சை மிளகாய், மிளகுத்தூள், நடுவில் ஒரு முட்டை. கட்டியாக இருப்பதை உடைத்து, சிவப்பு முழுவதும் மாறும்வரை வதக்கினால் 15 நிமிடத்தில் முடியும். கோழியின் தொடைத் துண்டை முழுதாக வறுக்கும் நாளில் மட்டும் ஊசி வெப்பமானியைப் பயன்படுத்துகிறேன். எலும்பை ஒட்டிய இடத்தில் 74 டிகிரி காட்ட வேண்டும்.

கறி வாங்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஞாயிறு காலை கடையில் நின்று கால் கிலோ கேட்பது யாருக்கும் நல்லதல்ல. பின்னால் இருபது பேர் நிற்கிறார்கள், வெட்டுபவருக்கு நேரமில்லை, கையில் வந்ததைப் போட்டுக் கொடுப்பார். நான் புதன் மாலை போகிறேன். "தொடைக்கறியாக, சின்னதாக" என்று சொன்னால் நின்று நிதானமாக வெட்டித் தருகிறார். புரட்டாசி மாதம் இன்னும் நல்லது. விரதம் இருப்பவர்கள் அதிகம் என்பதால் கடை வெறிச்சோடியிருக்கும். நெஞ்செலும்போ சுவரொட்டி என்கிற மண்ணீரலோ கேட்டது கிடைக்கும்.

முக்கால் கிலோ வாங்கி மூன்று பங்காகப் பிரிக்கிறேன். ஒன்று அன்றைக்கு, மற்ற இரண்டும் ஃப்ரீஸருக்கு. உருண்டையாகக் கட்டி வைத்தால் உள்ளே பனி இளக ஒரு பகல் ஆகும். கவரில் போட்டுச் சப்பாத்திபோலத் தட்டையாக அமுக்கி வைத்தால், காலையில் எடுத்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டுப் போகலாம். இரவுக்குள் தயாராக இருக்கும். மறந்துவிட்டால் கவரோடு குளிர்ந்த தண்ணீரில் அரை மணி நேரம். மேடைமேல் பகல் முழுதும் வைப்பது கூடவே கூடாது, நம் ஊர் வெயிலில் கிருமி பெருக அதைவிட வசதி வேறில்லை. இளகியதைத் திரும்ப உறையவைக்கவும் கூடாது.

வாங்க நினைப்பவர்களுக்கு: 1.5 லிட்டர் குக்கர் பார்க்க அழகாக இருக்கும். எலும்புத் துண்டுகளையும் தண்ணீரையும் போட்டால் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டிவிடும், அதற்கு மேல் நிரப்பக் கூடாது. 3 லிட்டரில் 200 கிராம் கறி அகன்ற அடியில் பரவிக் கிடக்கும். 2 லிட்டர்தான் ஓர் ஆளுக்குச் சரி. சட்டி 8 அங்குலத்துக்கு மேல் வேண்டாம், தூக்கிக் கழுவ முடியாத கனம் வந்துவிடும்.

இந்த ஆறு ஆண்டுகளில் எனக்குக் கைகூடாதது பிரியாணி மட்டும். அரை ஆழாக்கு சீரகச் சம்பாவுக்கும் 150 கிராம் கறிக்கும் எத்தனையோ விதமாக முயன்றேன். தம் போட்டால் அரிசியின் அடி பிடிக்கிறது, தண்ணீர் கூட்டினால் குழைகிறது, மசாலா ஏறுவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. இப்போது முயல்வதில்லை. பிரியாணி ஆசை வந்தால் அலுவலகத்திலிருந்து நாலு பேரை வரச் சொல்லிவிட்டு, கீழ்வீட்டு அம்மாவிடம் அவருடைய பெரிய தேக்சாவை இரவல் வாங்கி வருகிறேன்.