யு.கே. நர்ஸ் வேலை, குடும்பத்தோடு விசா என்று பணம் கேட்கிறார்களா? கட்டும் முன் இதைப் படியுங்கள்

நான் மதுரையில் 9 வருடம் ஐ.சி.யு.வில் வேலை பார்த்த நர்ஸ். கணவர் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். மகன் மூன்றாம் வகுப்பும் மகள் யு.கே.ஜி.யும் படித்துக்கொண்டிருந்த நேரத்தில் யு.கே. போகிறோம் என்று கிளம்பி 10 லட்சம் ரூபாயைப் பறிகொடுத்தோம். வழக்கு நடப்பதால் அந்த ஏஜென்சி ஆபீஸ் பெயரை எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். ஆனால் அவர்கள் செய்த விதத்தை ஒன்று விடாமல் எழுதுகிறேன். நாளைக்கு இன்னொரு தங்கச்சி அந்த நாற்காலியில் போய் உட்காரக் கூடாது.

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். அவர்களிடம் போவதற்கு முன்பே எனக்கு ஓ.இ.டி. (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு) முடிந்திருந்தது. நைட் டூட்டி முடித்து வந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, தூக்கத்தை விட்டுப் படித்து மூன்றாவது தடவையில் பாஸ் ஆனேன். மூன்று பகுதியில் பி, எழுத்தில் சி ப்ளஸ். அங்கே நர்ஸாகப் பதிவு செய்யும் என்.எம்.சி. ஆங்கிலத்துக்குக் கேட்பது இவ்வளவுதான். இதற்கு மேல் எனக்கு ஏஜென்ட்டே தேவைப்பட்டிருக்காது. அது எனக்குத் தெரியவில்லை, சொல்லவும் பக்கத்தில் ஆள் இல்லை.

2024 ஜனவரியில் முதல் தடவை போனோம். மாடியில் ஏ.சி. ஆபீஸ், சுவரில் விசா வாங்கியவர்களின் போட்டோக்கள், பெரும்பாலும் குடும்பப் படங்கள். அப்பா, அம்மா, நடுவில் பிள்ளைகள், கையில் பாஸ்போர்ட். என் கணவர் அந்தப் படங்களைத்தான் பார்த்துக்கொண்டே இருந்தார். எங்களுக்குப் பணத்தை விடப் பெரிய கவலை அதுதான். பிள்ளைகளை அம்மா வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் போவதாக இருந்தால் வேண்டவே வேண்டாம் என்று பேசி முடிவு செய்துவிட்டுத்தான் போயிருந்தோம். அதை அந்த ஏஜென்ட்டிடமும் சொன்னோம். சொல்லியிருக்கக் கூடாது. எங்களை எதைக் காட்டிப் பிடிக்கலாம் என்று நாங்களே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

"சிஸ்டர், நீங்க கொடுத்து வச்சவங்க. இப்ப வந்தீங்க, ஃபேமிலியோட போயிரலாம். மார்ச் 11-க்கு அப்புறம் வந்திருந்தா நானே கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிருப்பேன்" என்றார். போனில் இங்கிலாந்துச் செய்தி ஒன்றையும் காட்டினார். மார்ச் 11 முதல் குடும்பத்தைக் கூட்டிவர முடியாது என்று அதில் இருந்தது.

அந்தச் செய்தி பொய் இல்லை. 2023 டிசம்பர் 4 அன்று அந்த நாட்டு உள்துறை அமைச்சர் அறிவித்தார், 2024 மார்ச் 11 முதல் அமலுக்கும் வந்தது. ஆனால் அந்தத் தடை கேர் ஒர்க்கர்களுக்கு, அதாவது முதியோர் இல்லங்களிலும் வீடுகளிலும் பராமரிப்பு வேலைக்குப் போகிறவர்களுக்கு மட்டும். நர்ஸ்களுக்கு இல்லை. அன்றும் இல்லை, அதற்குப் பிறகும் நர்ஸ்கள் கணவரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டுதான் போனார்கள். எனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு தேதியைக் காட்டி என்னை அவசரப்படுத்தினார். கடைசியில் சம்பந்தம் உள்ளதாக ஆக்கிவிட்டார், அதைப் பின்னால் சொல்கிறேன்.

பிப்ரவரி முடிவதற்குள் 10 லட்சமும் போய்விட்டது. பதிவுக் கட்டணம் 50,000. சி.ஓ.எஸ். என்ற ஸ்பான்சர் சான்றுக்கு 5 லட்சம். அந்நாட்டு அரசு மருத்துவச் சேவைக்காகக் கட்டும் ஹெல்த் சர்சார்ஜ் முதல் தவணை 3 லட்சம். பேங்கில் பேலன்ஸ் காட்ட ஒன்றரை லட்சம். 14 பவுன் நகை கூட்டுறவு வங்கிக்குப் போனது, கணவர் பங்கு நிலத்தை ஒத்திக்கு விட்டோம், மீதிக்குச் சீட்டை எடுத்தோம். ஐந்தரை லட்சம்தான் பேங்க் வழியாகப் போனது, அதுவும் இரண்டு தனி நபர் கணக்குகளுக்கு. மற்றது கேஷ். கேஷுக்கு ரசீது கேட்டபோது "நம்பிக்கை இல்லாம எப்படி சிஸ்டர் ஒண்ணா வேலை செய்யறது?" என்று முகம் வாடியது. எனக்குத்தான் கூச்சமாகிவிட்டது.

இப்போது அந்தக் கணக்கைப் பிரித்துச் சொல்கிறேன், தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். சி.ஓ.எஸ். என்பது ஸ்பான்சர் செய்யும் முதலாளி அந்நாட்டு அரசின் இணையதளத்தில் உருவாக்கும் ஒரு பதிவு. அதற்கு ஒரு எண் வரும், அவ்வளவுதான். அன்றைக்கு அதற்கு முதலாளி கட்ட வேண்டிய கட்டணம் 239 பவுண்ட், நம் பணத்தில் சுமார் 25,000 ரூபாய். அதை என்னிடம் 5 லட்சத்துக்கு விற்றார்கள். ஹெல்த் சர்சார்ஜ் இன்னும் அநியாயம். நர்ஸ், கேர் ஒர்க்கர் போன்றவர்களுக்கான ஹெல்த் அண்ட் கேர் விசாவில் போகிறவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் அது கிடையவே கிடையாது, முழு விலக்கு. இல்லாத கட்டணத்துக்கு என் தாலிச்செயினைக் கழற்றிக் கொடுத்திருக்கிறேன். விசா கட்டணமே 3 வருடத்துக்குத் தலைக்கு 284 பவுண்ட்தான் அப்போது. பேங்க் பேலன்ஸும் அப்படித்தான். எனக்கு 1,270 பவுண்ட், கணவருக்கு 285, முதல் பிள்ளைக்கு 315, அடுத்ததுக்கு 200, ஆக 2,070 பவுண்ட் நம் சொந்தக் கணக்கில் 28 நாள் இருந்தால் போதும். பணத்தைச் செலவு செய்ய வேண்டியதே இல்லை. முதலாளி பொறுப்பேற்றுக்கொண்டால் அதையும் காட்ட வேண்டாம். "நாங்க ஸ்டேட்மென்ட் ரெடி பண்ணிருவோம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். போலி ஸ்டேட்மென்ட் பிடிபட்டால் 10 வருடம் விசா கிடைக்காது. மாட்டுவது ஏஜென்ட் இல்லை, நாம்.

மார்ச், ஏப்ரல் முழுக்க "ஃபைல் மூவ் ஆகுது" என்பதுதான் பதில். ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் அவரே கூப்பிட்டார். "ஜூன்ல கண்டிப்பா கிளம்பணும், பிள்ளைங்களுக்கு டி.சி. வாங்கிருங்க, ஆஸ்பத்திரில பேப்பர் போட்டுருங்க" என்றார். விசா கைக்கு வரவில்லை, சி.ஓ.எஸ். எண்கூட வரவில்லை, ஆனாலும் அதைச் செய்தோம். மகன் பள்ளியில் ஹெட்மிஸ்ட்ரஸ் டி.சி.யை எழுதும்போது, பள்ளியை விட்டு நீங்கும் காரணம் என்ற இடத்தில் பேனாவை நிறுத்தி, "என்னம்மா போடட்டும்?" என்று கேட்டார். நான் பேசுவதற்குள் அவன் முந்திக்கொண்டு, "லண்டன் போறோம் மிஸ்" என்றான். 'பெற்றோருடன் வெளிநாடு செல்வதால்' என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார்.

ஜூன் முதல் வாரம் சி.ஓ.எஸ். பி.டி.எஃப். வாட்ஸ்அப்பில் வந்தது. சந்தோஷத்தில் லெஸ்டரில் என்.எச்.எஸ். (அந்நாட்டு அரசு மருத்துவச் சேவை) ஆஸ்பத்திரியில் இருக்கும் என் காலேஜ் ஜூனியருக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் கூப்பிட்டுவிட்டாள்.

"அக்கா, இதுல ஜாப் டைட்டில் என்ன போட்டிருக்குன்னு பார்த்தீங்களா?"

பார்த்தேன். கேர் அசிஸ்டென்ட்.

"அதுக்குக் கீழ கோடு?"

6135.

"நர்ஸ் கோடு 223-ல ஆரம்பிக்கும்க்கா. இது கேர் ஒர்க்கர். இதுல மாமாவையும் பிள்ளைங்களையும் கூட்டிட்டு வர முடியாது."

சம்பளம் என்ற இடத்தில் ஆண்டுக்கு 23,200 பவுண்ட் என்று இருந்தது. கேர் ஒர்க்கருக்கு அப்போது விதித்திருந்த குறைந்தபட்சத் தொகை அதுதான். என்.எச்.எஸ்.ஸில் பதிவு பெற்ற நர்ஸ் தொடங்கும் பேண்ட் 5 சம்பளம் அந்த நேரத்தில் 28,407. மார்ச் 11 தடை என்று என்னைப் பயமுறுத்திப் பணம் வாங்கியவர், அதே தடைக்குள்ளேயே கொண்டுபோய் என்னைத் தள்ளியிருந்தார்.

மறுநாள் காலையிலேயே போய் நின்றோம். அவர் பதறவே இல்லை. "எல்லாரும் இப்படித்தான் சிஸ்டர் போறாங்க. முதல்ல நீங்க மட்டும் போங்க, ஆறு மாசத்துல நர்ஸா மாறிட்டு ஃபேமிலிய கூப்பிட்டுக்கலாம். 3 மாசத்துல சி.ஓ.எஸ். எக்ஸ்பைரி ஆயிரும், அப்புறம் என்னைக் கேட்கக் கூடாது" என்றார். அப்படி மாற வேண்டுமானால் வேறு முதலாளி, புது சி.ஓ.எஸ்., புது விண்ணப்பம், நடுவில் என்.எம்.சி. தேர்வுகள். எதற்கும் அவர் பொறுப்பு இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டதும் நாங்கள் கையெழுத்துப் போட்ட 100 ரூபாய் பத்திரத்தை எடுத்துக் காட்டினார். அதில் வேலை என்ற வார்த்தையே இல்லை, 'ஆவண ஆலோசனைச் சேவை' என்று மட்டும் இருந்தது. அவசரத்தில் நாங்கள் படிக்கவில்லை.

என் ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் அவர் பீரோவில். டிகிரி, தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் பதிவு, அனுபவச் சான்று எல்லாமே. அவை இல்லாமல் மதுரையில் வேறு ஆஸ்பத்திரியில்கூட என்னால் சேர முடியவில்லை. இரண்டரை மாதம் வருமானமே இல்லாமல் வட்டி கட்டினோம். யார் கேட்டாலும் ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள். பார்க்கட்டும், ஸ்கேன் எடுக்கட்டும், அங்கேயே திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். என்.எம்.சி.க்கு உங்கள் பதிவு பற்றிய சரிபார்ப்பு நம் கவுன்சிலில் இருந்து நேரடியாகவே போய்விடும்.

என் சி.ஓ.எஸ்.ஸில் முதலாளியாகப் போட்டிருந்த கேர் ஹோம் யு.கே. அரசின் ஸ்பான்சர் பட்டியலில் ஜூனில் இருந்தது. யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய பட்டியல் அது. அக்டோபரில் பார்த்தபோது பெயரைக் காணோம். 2022 ஜூலை முதல் 2024 டிசம்பர் வரை 470-க்கும் மேற்பட்ட கேர் நிறுவனங்களின் ஸ்பான்சர் உரிமத்தை அந்த நாட்டு அரசு ரத்து செய்திருக்கிறது. அங்கே போய் இறங்கிய பிறகு அது நடந்திருந்தால், வேறு ஸ்பான்சர் தேடக் கொஞ்ச நாள் அவகாசம்தான், இல்லையென்றால் திரும்பி வர வேண்டியதுதான். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு கலங்குகிறது.

புகார் கொடுக்கப் போன பிறகுதான் பல விஷயம் தெரிந்தது. 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் மத்திய வெளியுறவுத் துறையில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு பெற்றவரே நம்மிடம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம், ஆக 35,400. பதிவு எண் உண்மையா என்று மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பார்த்துவிடலாம். எங்கள் ஆள் அதில் இல்லை. சுவரில் மாட்டியிருந்தது கடை லைசென்ஸ். யு.கே. பக்கத்தில் இன்னும் கடுமை. அவர்களுடைய நெறிமுறைப்படி வேலை வாங்கித் தர நர்ஸிடம் ஒரு பைசா வாங்கக் கூடாது, செலவு முதலாளியுடையது. அந்த நெறிப்படி நடக்கும் ஏஜென்சிகளின் பட்டியலை என்.எச்.எஸ். எம்ப்ளாயர்ஸ் இணையத்தில் வைத்திருக்கிறது. நாம் கட்டுவது பெரும்பாலும் என்.எம்.சி.க்கான கட்டணங்கள்தான். கம்ப்யூட்டர் தேர்வு 83 பவுண்ட், அங்கே போய்ச் செய்யும் ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வு 794. அந்த ஆஸ்கி பணத்தையும் பல ஆஸ்பத்திரிகள் திருப்பித் தந்துவிடுகின்றன.

2025 ஜூலை 22-க்குப் பிறகு வெளிநாட்டில் இருந்து புதிதாகக் கேர் ஒர்க்கர் எடுப்பதையே யு.கே. நிறுத்திவிட்டது. என்.எச்.எஸ்.ஸும் வெளிநாட்டு நர்ஸ்களை எடுப்பதை வெகுவாகக் குறைத்துவிட்டது. அதனால் இதே ஆட்கள் இப்போது ஜெர்மனி பக்கம் திரும்பியிருக்கிறார்கள். "லாங்குவேஜ் அப்புறம் பார்த்துக்கலாம், ஃபேமிலியோட போலாம்" என்று அதே பாட்டு. அங்கே நர்ஸாக அங்கீகாரம் வேண்டுமானால் பொதுவாக ஜெர்மன் மொழியில் பி2 நிலைத் தேர்ச்சி கேட்பார்கள். சவூதி, குவைத் போன்ற குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் 18 நாடுகளுக்கு நர்ஸ் எடுப்பதை 2015-லேயே அரசு ஏஜென்சிகளுக்கு ஒதுக்கிவிட்டார்கள். தமிழ்நாட்டுக்கு அது கிண்டியில் இருக்கும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். தனியார் ஆள் குவைத் என்று சொன்னால் முதலில் அங்கே கேளுங்கள்.

ஸ்டேஷனில் முதலில் சி.எஸ்.ஆர். (புகாரைப் பெற்றதற்கான ரசீது) மட்டும் போட்டார்கள். பிறகு மாவட்டக் குற்றப்பிரிவுக்கு மாறியது. குற்றம் நடந்தது 2024 ஜூலைக்கு முன் என்பதால் பழைய ஐ.பி.சி. 420, கூடவே குடிபெயர்வுச் சட்டம் பிரிவு 24. எஃப்.ஐ.ஆர். போட்ட வாரத்தில் ஒரிஜினல்கள் வந்துவிட்டன. இரண்டு தவணையில் 3 லட்சம் திருப்பிக் கொடுத்தார். மீதி 7 லட்சத்துக்கு நடந்துகொண்டிருக்கிறோம். நான் வேறு ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டேன், முன்பு வாங்கியதை விட 4,000 குறைவு. மகனை அதே பள்ளியில்தான் திரும்பச் சேர்த்தோம். ஹெட்மிஸ்ட்ரஸ் தான் எழுதிய டி.சி.யைத் தானே வாங்கிப் பார்த்தார், எதுவும் கேட்கவில்லை. அட்மிஷன் கட்டணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த அம்மாவுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

எங்கள் வழக்கில் இப்போது 7 பேர் இருக்கிறோம், 5 பேர் நர்ஸ்கள். கேஷ் கொடுத்தோம், ரசீது இல்லை, மாமியார் வீட்டுக்குத் தெரியாது என்று புகார் கொடுக்காமல் இருப்பவர்கள் இன்னும் பலர் இருப்பது எங்களுக்குத் தெரியும். ரசீது இல்லாவிட்டாலும் வாட்ஸ்அப் பேச்சு, வாய்ஸ் மெசேஜ், அன்றைக்கு பேங்கில் பணம் எடுத்த கணக்கு எல்லாவற்றையும் அதிகாரி வாங்கிக்கொள்கிறார். எதையும் அழித்துவிடாதீர்கள். மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலையில் நாங்கள் குற்றப்பிரிவு ஆபீஸுக்குப் போகிறோம். தனியாக வரத் தயங்குகிறவர்கள் எனக்குச் செய்தி அனுப்புங்கள், கூடவே வருகிறேன்.